மயில் மீனுக்கு ஃப்ளை ராடு: வாசகர் கேள்வி – பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கடலுக்குப் போக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஆனாலும் ஆழ்கடலில் ஃப்ளை ராடு (இறகும் முடியும் கட்டிய முள்ளை, அதாவது ஃப்ளையை, வீசும் தூண்டில் கம்பு) கொண்டு மயில் மீன் (செயில்ஃபிஷ்) போன்ற பெரிய மீன் பிடிப்பதைப் பற்றி இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தே ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு பதில் தருகிறோம்.

பென்னாகரம் வாசகர்: முள்ளில் இரை கோத்துப் போட்டால் மீன் வரும், சரி. இறகும் முடியும் கட்டிய முள்ளைப் போட்டால் நாற்பது கிலோ மயில் மீன் எப்படிக் கடிக்கும்?

தானாக வந்து கடிக்காது. அதைக் கோபப்படுத்தி, பசியைக் கிளப்பி, படகின் பின்பக்கத்துக்கு வரவழைக்க வேண்டும். முள் இல்லாத இரையைப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். இதற்கு டீசர் என்று பெயர். மீன் அதைத் துரத்தி வந்ததும் டீசரைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் ஃப்ளையைப் போடுவது தான் முறை. 1960களின் தொடக்கத்தில் பனாமா கடலில் டாக்டர் வெப்ஸ்டர் ராபின்சன் இப்படித்தான் மயில் மீனைப் பிடித்துக் காட்டினார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

சாதாரணத் தூண்டிலில் ஈயமோ இரையோ தன் கனத்தால் பறந்து போய் லைனை இழுத்துச் செல்லும். ஃப்ளைக்குக் கனமே கிடையாது. இங்கே கனம் இருப்பது லைனில். தடித்த லைனைச் சாட்டை போல வீசினால் அதன் நுனியில் ஃப்ளை போய் விழும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால், ராடு ஏன் இவ்வளவு விறைப்பு, லைன் ஏன் இவ்வளவு தடிப்பு என்ற கேள்விகளெல்லாம் தாமாகவே விலகும்.

ஓசூர் வாசகர்: எந்த ராடு, எந்த ரீல், எவ்வளவு லைன்? அளவோடு சொல்லுங்கள். இன்னொன்று, புதிதாக வாங்கிய லைன் காலையில் பயிற்சி செய்யும்போது ஸ்பிரிங் போலச் சுருண்டு நிற்கிறது. லைனில் குறையா?

மயில் மீனுக்கு 12 எண் ராடு (எண் கூடக் கூட ராடு கனமான லைனுக்கு உரியது), ஒன்பது அடி நீளம், நான்கு துண்டாகக் கழற்றக்கூடியது. பெரிய சூரை, மார்லின் என்றால் 14 எண். ரீலில் பார்க்க வேண்டியது டிராக் மட்டுமே, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் சுழல்வதைத் தடுத்துப் பிடிக்கும் பிரேக். தண்ணீர் புகாதபடி மூடியதாகவும், இழுக்கத் தொடங்கும்போது ஒட்டிக்கொண்டு பிறகு திடுக்கென்று விடாததாகவும் இருக்க வேண்டும். அந்த ஒரு திடுக்கு போதும், இழை அறுந்துபோக.

பேக்கிங் என்பது ஃப்ளை லைனுக்குப் பின்னால் ரீலில் சுற்றும் மெல்லிய பின்னல் நூல். மயில் மீனுக்கு 50 பவுண்டு தாங்கும் நூல் 300 மீட்டர், சூரைக்கு 500 மீட்டர். இதைத் தளர்வாகச் சுற்றிவிட்டால் மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து பிடித்துக்கொள்ளும். ஈரத் துணியில் நூலை இறுக்கிப் பிடித்து, இரண்டு கிலோ இழுவையாவது கொடுத்துச் சுற்றுங்கள். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், மாஞ்சா நூல் போல அறுத்துவிடும்.

லைனில் குறை இல்லை. அது வெப்பக் கடலுக்கென்று செய்தது, மேல்பூச்சு விறைப்பானது. அந்தமான் வெயிலில் அது சரியாக நிற்கும், ஓசூர் மார்கழிக் குளிரில் சுருளும். கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊற வைத்து, இரண்டு கை நீளம் இரண்டு கை நீளமாக இழுத்து விட்டால் நேராகிவிடும். இல்லையென்றால் பத்து மணிக்கு மேல் பயிற்சிக்குப் போங்கள். குளிர்நாட்டு ஆற்றுக்கென்று செய்த லைனை வாங்கியவர்களுக்கு எதிர்த் தொல்லை: தர்மபுரி மே மாத வெயிலில் அது வெந்த சேமியா போலத் துவண்டு, ராடின் வளையங்களில் ஒட்டும். வாங்கும்போதே எந்த வெப்பநிலைக்கு உரியது என்று பெட்டியில் பாருங்கள்.

பாலக்கோடு வாசகர்: அந்தமானில் இரண்டு நாள் படகில் போனேன். மூன்று மயில் மீன் முள்ளில் மாட்டின. மூன்றும் நீண்ட ஓட்டத்தின் கடைசியில் இழையை அறுத்துக்கொண்டு போய்விட்டன. டிராக்கை இறுக்கித்தான் வைத்திருந்தேன். பிறகு ஏன்?

நீங்கள் இறுக்கி வைத்ததால் தான். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் போனவர்கள் பலர்.

உங்கள் லைன் வரிசையை ரீலிலிருந்து சொல்லிப் பாருங்கள்: பேக்கிங், ஃப்ளை லைன், லீடர் (லைன் நுனியில் கட்டும் நைலான் இழை), டிப்பெட், கடைசியில் மீனின் உரசலைத் தாங்கும் தடித்த தங்கூசி (ஒற்றை நைலான் நரம்பு), ஃப்ளை. இதில் டிப்பெட் தான் வேண்டுமென்றே மெலிதாக வைக்கும் இழை. பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி ஃப்ளைக்கு அதிகபட்ச டிப்பெட் 10 கிலோ. முடிச்சுகளுக்கு நடுவே அது 38.1 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அதற்கு முன்னால் கட்டும் தடித்த தங்கூசி, முடிச்சையும் சேர்த்து 30.48 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சாதனைப் பட்டியலில் இடம் வேண்டாதவர்களும் இந்த அளவிலேயே கட்டுவது நல்லது, நீளத் தங்கூசி வீச்சைக் கெடுக்கும்.

10 கிலோ டிப்பெட்டுக்கு டிராக் கால் பங்கு, அதாவது இரண்டரை கிலோ. கைக்கு இது மிகக் குறைவாகத் தெரியும், ‘இன்னும் கொஞ்சம்’ என்று திருகத் தோன்றும். அங்கே தான் கோளாறு. ரீல் நிறைந்திருக்கும்போது சுற்றின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீன் 250 மீட்டர் கொண்டுபோன பிறகு விட்டம் 6 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கும். நீங்கள் திருகைத் தொடவே இல்லை, ஆனாலும் மீன் இழுக்க வேண்டிய விசை இரண்டரையிலிருந்து நான்கு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. கிணற்று ராட்டினம் சிறியதாக இருந்தால் வாளி இழுக்கக் கை வலிக்குமே, அதே கணக்கு. இதோடு தடித்த ஃப்ளை லைனையும் நூற்றுக்கணக்கான மீட்டர் நூலையும் தண்ணீருக்குள் வளைவாக இழுத்துப் போகும் தடை வேறு. நீங்கள் தொடக்கத்திலேயே நான்கு கிலோ வைத்திருந்தால் அந்த இடத்தில் ஏழு, எட்டு கிலோ. உங்கள் முடிச்சு டிப்பெட்டின் பலத்தில் முக்கால் பங்கு தாங்குவதாக இருந்தால் கதை முடிந்தது.

ஆகவே மீன் தூரம் போகப் போக டிராக்கைத் தளர்த்துங்கள். மனசு கேட்காது, ஆனாலும் தளர்த்துங்கள். ஓட்டுநர் படகைத் திருப்பி மீனை நோக்கி ஓட்ட, நீங்கள் லைனைச் சுற்றி வாங்க வேண்டும். நூல் ரீலுக்குள் திரும்பிய பிறகு மறுபடி இரண்டரைக்கு வாருங்கள்.

அளவு எப்படித் தெரியும்? பெட்டி எடை பார்க்கும் கைத் தராசை வீட்டு இரும்புக் கேட்டில் மாட்டி, லைனைக் கட்டி, ராடை வளைக்காமல் நேராக நீட்டி மெல்லப் பின்னால் நடங்கள். ரீல் இளகி ஓடத் தொடங்கும்போது தராசு காட்டும் எண் தான் உங்கள் டிராக். திருகின் அந்த நிலையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். கடலில் ஆட்டத்துக்கு நடுவே கண் அந்தப் புள்ளியைத் தேடும்.

முடிச்சுக்கு வருவோம். டிப்பெட்டின் இரு முனையிலும் பிமினி முறுக்கு போட வேண்டும். இழையின் பலத்தைக் கிட்டத்தட்ட முழுதாகக் காப்பாற்றும் முடிச்சு அது. இழையை மடக்கி வளையமாக்கி 20 முறை முறுக்குங்கள். வளையத்தை முழங்காலில் மாட்டி, இரு கைகளையும் விரித்தால் முறுக்குகள் நெருங்கி இறுகும். இப்போது சிறிய முனையைச் செங்கோணத்துக்குக் கொண்டுவந்து கொஞ்சம் இளக்கினால், அது முறுக்கின் மேல் வரிசையாகச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும். சுற்றுகள் ஒன்றை ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அறுத்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், சரிசெய்ய முயல வேண்டாம். அடிக்கு வந்ததும் வளையத்தின் ஒரு காலில் அரை முடிச்சு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து நான்கு சுற்றுப் போட்டு முடிச்சு. இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலான் உரசும் சூட்டிலேயே பலம் இழக்கும். முனையை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

ஐம்பது போட்டுப் பழகிய பிறகு பத்தைத் தராசில் மாட்டி அறுத்துப் பாருங்கள். முடிச்சுக்கு வெளியே அறுந்தால் முடிச்சு சரி. முடிச்சிலேயே அறுந்தால் இன்னும் பழக்கம் வேண்டும்.

கிருஷ்ணகிரி வாசகி: மீன் டீசருக்குப் பின்னால் வந்த பிறகு யார் என்ன செய்கிறார்கள்? அந்த சில விநாடிகளை வரிசையாகச் சொல்ல முடியுமா?

படகு மணிக்கு 13 முதல் 16 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பின்னால் இரண்டு, மூன்று டீசர்கள்: பிளாஸ்டிக் கணவாய்க்குள் முரல் மீனோ, மீன் வயிற்றுத் துண்டோ வைத்துத் தைத்தது. இரைச் சுவை கட்டாயம் வேண்டும். மீன் அலகால் அடித்துக் கவ்வும்போது வெறும் பிளாஸ்டிக் என்றால் விட்டுவிட்டுப் போய்விடும்.

நீங்கள் வலக்கைக்காரர் என்றால் படகின் பின்பக்கம் பார்த்து நின்றால் உங்கள் வலப்புறம் வரும் மூலையில் நில்லுங்கள். வீச்சு படகுக்கு வெளியே போகும், யார் காதிலும் முள் ஏறாது. பத்து, பன்னிரண்டு மீட்டர் லைனை முன்கூட்டியே ரீலிலிருந்து எடுத்து, காலடியில் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையில் இட்டு வையுங்கள். ஃப்ளை கையில்.

அலகு தெரிந்ததும் உதவியாளர் அந்த டீசரைத் தவிர மற்றவற்றை மேலே எடுத்துவிடுவார். அந்த ஒன்றை மட்டும் மீனின் வாய்க்கு எட்டாமல் இழுத்து இழுத்து எட்டு, பத்து மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவருவார். மீன் உடலில் நீலமும் ஊதாவும் பளிச்சென்று ஏறினால் அது தயார் என்று பொருள். ஓட்டுநர் ‘நியூட்ரல்’ என்று கத்துவார். கியர் முழுதாக விடுபட்ட பிறகு தான் ஃப்ளை தண்ணீரில் விழ வேண்டும், இதுவும் பன்னாட்டு விதி. ஒரே ஒரு முறை பின்வீச்சு, அடுத்ததில் போட்டுவிடுங்கள். டீசருக்கு நேர் மேலே போட வேண்டாம். மீனின் பக்கவாட்டில், கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால். அதே நொடியில் டீசர் காற்றில் பறந்து மேலே வந்துவிட வேண்டும்.

ஏன் பின்னால்? மீன் உங்களை நோக்கி வரும்போதே கவ்வினால் முள் வாய்க்குள்ளிருந்து முன்னோக்கி இழுபட்டு, எலும்பில் வழுக்கி வெளியே வந்துவிடும். ஃப்ளை பக்கத்தில் இருந்தால் மீன் திரும்பிக் கவ்வ வேண்டும். திரும்பும் மீனின் வாய் ஓரத்தில் முள் தானாகவே போய்ப் பதியும்.

கவ்வியதும் ராடை மேலே தூக்காதீர்கள். இதைத் தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ராடு தாழ்ந்தே, நேராக மீனைப் பார்த்திருக்கட்டும். இடக்கையால் லைனைச் சட்டென்று இரண்டு முறை இழுங்கள். ராடைத் தூக்கினால் அதன் வளைவு உங்கள் விசையைத் தின்றுவிடும், முள் பதியாது. அதன்பின் மீனை மறந்துவிட்டுக் கூடையைப் பாருங்கள். கிடக்கும் லைன் காலிலோ சட்டைப் பொத்தானிலோ சிக்காமல் விரல் வளையத்தின் வழியாக ஓடி ரீலுக்குப் போய்ச் சேர வேண்டும். மீன் துள்ளினால் ராடு நுனியை அதன் பக்கம் தாழ்த்தி லைனை ஒரு கணம் தளர விடுங்கள். காற்றில் மீனின் முழு எடையும் இழை மேல் விழும்.

காவேரிப்பட்டணம் வாசகர்: பயிற்சிக்கு கே.ஆர்.பி. அணைக்குப் போகலாமா?

தண்ணீரே வேண்டாம். பள்ளி மைதானத்துப் புல்தரை போதும். தார் ரோடும் சிமெண்ட் தளமும் லைனின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். முள்ளை வெட்டி எடுத்துவிட்டு ஃப்ளையை மட்டும் கட்டுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

தூரம் வீசுவதில் நேரம் செலவழிக்காதீர்கள். ஆழ்கடலில் பன்னிரண்டு மீட்டர் போதும், வேகம் தான் வேண்டும். நண்பர் ஒருவர் ஒரு பழைய செருப்பைக் கயிற்றில் கட்டி உங்களை நோக்கி இழுத்து வரட்டும். அவர் ‘நியூட்ரல்’ என்றதும் மூன்று விநாடிக்குள் செருப்பின் பக்கத்தில் ஒரு முழத்துக்குள் ஃப்ளை விழ வேண்டும். இருபதுக்குப் பதினைந்து முறை விழுந்தால் படகுக்குத் தயார்.

இன்னொரு பயிற்சி: மொட்டை மாடியிலிருந்து லைனை இறக்கி, மூன்று லிட்டர் தண்ணீர் உள்ள வாளியில் கட்டித் தூக்கிப் பாருங்கள். மூன்று கிலோ தானே என்று நினைப்பீர்கள், முதல் தடவையிலேயே தோள் பேசும். ராடின் அடிப்பகுதி தரைக்கு இணையாகவும், மிஞ்சினால் 45 பாகை சாய்வாகவும் இருக்கட்டும். செங்குத்தாக நிமிர்த்தினால் சுமை முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய் ராடு முறியும். படகடியில் நேர்க்கீழே மீன் நிற்கும்போது ராடுகள் முறிவது இதனால் தான். வாளிக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது.

ஒகேனக்கல் வாசகர்: அப்படியென்றால் காவிரியில் மஹசீரைப் பிடித்துப் பழகலாமே? அதுவும் பெரிய மீன் தானே?

வேண்டாம். திமில் மஹசீர் மிகவும் அருகிவிட்ட இனம் என்று 2018இல் உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது, காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆற்றில் பயிற்சிக்காக ஒரு மீனைக்கூட இழுத்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. செருப்பை இழுங்கள்.

தர்மபுரி வாசகர்: வெளிநாட்டு ஃப்ளைகள் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இங்கே கிடைக்கும் பொருள்களில் கட்ட முடியுமா?

நன்றாகவே முடியும். முள்ளையும் தங்கூசியையும் தவிர மற்ற எல்லாமே தர்மபுரி பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும்.

உடலுக்கு செயற்கை இழைச் சவுரி, வெள்ளை நிறம். கிடைக்காவிட்டால் பொம்மை முடி. மேலே கொஞ்சம் நீலமோ ரோஜா நிறமோ. மினுக்குக்கு மாலை கட்டும் கடையில் விற்கும் ஜிகினா, பதினைந்து இழை போதும். தலைக்கு ரப்பர் செருப்பு அட்டை. நாட்டுக்கோழிச் சேவலின் இறகும் ஆட்டு முடியும் அழகு தான், ஆனால் நீளம் போதாது. பருத்தி நூலோ கம்பளியோ மட்டும் வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், இரண்டாம் வீச்சில் ஈரத் துண்டை வீசுவது போல இருக்கும்.

தீர்ந்த பேனா ரீஃபிலை நன்றாகக் கழுவி 5 சென்டிமீட்டர் வெட்டுங்கள். 20 சென்டிமீட்டர் நீளச் சவுரியைச் சிறு சிறு கொத்தாகச் சுற்றிலும் வைத்து நைலான் நூலால் இறுக்கிக் கட்டி, கட்டின் மேல் அரால்டைட் பூசி ஒரு இரவு உலரவிடுங்கள். அவசரப் பசை வேண்டாம், வளையும்போது வெடித்து உதிரும். செருப்பிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை வெட்டி, சூடேற்றிய ஆணியால் நடுவில் துளையிட்டு முன்னால் கோத்துவிடுங்கள். தட்டை முகம் தண்ணீரைத் தள்ளி ‘பளக்’ என்று சத்தம் எழுப்ப வேண்டும், மயில் மீன் திரும்புவது அந்தச் சத்தத்துக்குத் தான். தெர்மோகோல் தலை செய்து செருப்புப் பசை பூசியவர்கள் அது கண் முன்னே கரைவதைப் பார்த்திருப்பார்கள்.

தங்கூசியை ரீஃபில் வழியாகக் கோத்து 5/0 முள்ளைக் கட்டுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், பதிவதும் எளிது, கழற்றுவதும் எளிது. அரத்தால் தீட்டி, முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும், நகத்தில் கடித்து நின்றால் போதும்.

தங்கூசி 100 பவுண்டு. சுருளிலிருந்து எடுத்ததும் வளைந்து நிற்கும், வெந்நீரில் முக்கி, அடியில் ஒரு செங்கல் கட்டித் தொங்கவிட்டால் காலைக்குள் நேராகிவிடும். மயில் மீனின் அலகு உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது, மெல்லிய இழையை நிமிடங்களில் தேய்த்துவிடும். வஞ்சிரமும் சீலாவும் சுற்றும் இடமென்றால் தங்கூசியும் நிற்காது. கம்பி வேண்டும்.

அரூர் மாணவர்: மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்துமா?

பல புத்தகங்களில் அப்படி இருக்கிறது. பழைய மதிப்பீடு அது. முறையாக அளந்தபோது பாய்ச்சல் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைச் சுற்றித் தான் வந்தது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள்: 200 மீட்டர் நூல் 24 விநாடியில் ரீலை விட்டுப் போய்விடும்.

பாப்பாரப்பட்டி வாசகி: பிடித்த மீனை விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். அது பிழைக்குமா?

எவ்வளவு நேரம் போராட வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அரை மணிக்குள் முடிக்கப் பாருங்கள். ராடை மேல்நோக்கித் தூக்குவதை விட, தாழ்வாகப் பிடித்து, மீன் போகும் திசைக்கு எதிர்ப் பக்கமாக இழுத்தால் சீக்கிரம் தளரும். படத்துக்காக மீனைப் படகில் ஏற்ற வேண்டாம். தண்ணீரில் தாங்கியிருந்த அத்தனை எடையும் அதன் உள்ளுறுப்புகள் மேல் விழும். தடித்த கையுறை போட்டு அலகைப் பிடித்து, தண்ணீரிலேயே வைத்து, முள்ளை எடுத்த பிறகு படகை மெல்ல முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். வாய் வழியாகத் தண்ணீர் புகுந்து செவுளைக் கழுவட்டும். வெளிறிய உடலில் நிறம் திரும்பி, வால் உங்கள் கையை உதறும். அப்போது விடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஊத்தங்கரை வாசகர்: எந்த மாதம் போகலாம்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

அந்தமானுக்கு டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரரிடம் விளையாட்டு மீன்பிடிப்புக்கான அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. ஓட்டுநருக்கு ஃப்ளை முறை தெரியுமா, ‘நியூட்ரல்’ எப்போது போடுவார் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். இரை போட்டுப் பிடித்தே பழகியவர் கியரை விடவே மாட்டார்.

பெங்களூரிலிருந்து விமானம் என்றால் முள், குறடு, கத்தி எல்லாம் சரக்குப் பெட்டியில் போகட்டும். நான்கு துண்டு ராடுக்கு மூன்று அங்குல பி.வி.சி. குழாய் நல்ல உறை. குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, படகு ஏறுவதற்கு ஒரு மணி முன்பே போடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது.

மத்தூர் வாசகர்: ஊருக்குத் திரும்பியதும் ரீலை போர்வெல் தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். உலர்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. உப்பு போகவில்லையா?

கடல் உப்பு போயிருக்கும். இது நம் ஊர்ப் போர்வெல்லின் கடின நீர் விட்ட படிவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஒரு குடம் போதும். படிந்ததை வினிகர் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

கழுவும் முன் டிராக்கை இறுக்கி மூடுங்கள், தண்ணீர் உள்ளே போகாது. குழாயை அழுத்திப் பீய்ச்ச வேண்டாம். அது உப்பை வெளியேற்றாமல் இன்னும் உள்ளே தள்ளும். நிழலில் உலர்த்தி, டிராக்கை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே ஆறு மாதம் வைத்தால் தகடுகள் ஒட்டிக்கொண்டு, அடுத்த பயணத்தில் முதல் மீனிலேயே அந்தத் திடுக்கு வரும். ஃப்ளை லைனையும் முப்பது மீட்டர் பேக்கிங்கையும் உருவி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துத் துடையுங்கள். பெரும்பாலோர் ரீலின் வெளிப்புறத்தைப் பளபளக்க வைத்துவிட்டு, உள்ளே ஈரத்தோடு கிடக்கும் பேக்கிங்கை மறந்துவிடுகிறார்கள். ரீலின் அடித்தண்டு அரிக்கத் தொடங்குவது அங்கிருந்து தான்.